பழைய லினக்ஸ் லெப்டொப்பில் பட்டன் போனுக்கு ஜாவா ஆப் எழுத முடியுமா?

கேள்வி இதுதான். மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். அவருடைய அம்மா கொழுந்து எடுப்பவர். ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ விழுந்தது, அதில் எவ்வளவு கழித்தார்கள் என்பதை அம்மாவே தன் பட்டன் போனில் குறித்துக்கொள்ள ஒரு சின்ன ஆப் எழுத வேண்டும். தம்பியிடம் இருப்பது யாரோ கொடுத்த பழைய லெப்டொப், 2 ஜிபி ரேம், 64 பிட் லினக்ஸ். கிடைத்த பாடங்கள் எல்லாம் விண்டோஸுக்கு எழுதியவை. லினக்ஸுக்கென்று தேடிப் பிடித்த பழைய சன் டூல்கிட் (போனுக்கு ஜாவா ஆப் செய்ய சன் கம்பனி கொடுத்த கருவித் தொகுப்பு) ஓட மறுக்கிறது. "விண்டோஸுக்கே மாறிவிடட்டுமா?"

மாற வேண்டாம் தம்பி. உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது ஒரே ஒரு சின்ன புரோகிராம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் லினக்ஸ் என்ன, ஃப்ரீபிஎஸ்டி (யுனிக்ஸ் வழி வந்த இன்னொரு இயங்குதளம்) என்ன, ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினி என்ன, எதிலும் இந்த வேலை நடக்கும்.

ஆனால் அதற்கு முன் அம்மாவின் போனைப் பாருங்கள். பட்டன் போன் என்றாலே ஜாவா ஓடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நோக்கியாவில் எஸ்40 வகைப் போன்களில் ஓடும்: எக்ஸ்2, சி1-01, 2730, ஆஷா 200 வரிசை போன்றவை. இப்போது கடையில் புதிதாக விற்கும் எஸ்30 பிளஸ் வகையில் ஓடாது, வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைவிடச் சுலபம், ஏதாவது ஒரு பழைய ஜாவா கேமை மெமரி கார்டில் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் தொடர்ந்து படியுங்கள். திறக்காவிட்டால் டவுனில் பழைய போன் விற்கும் கடையில் ஒரு எஸ்40 வாங்குவதுதான் வழி.

சரி, தடைக்கு வருவோம். போனுக்கு ஒரு ஜாவா ஆப் உருவாகும் பாதையை எண்ணிப் பாருங்கள். எழுதியதைக் கம்பைல் செய்யும், அதாவது இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் ஜாவாசி, ஜாவாவிலேயே எழுதப்பட்டது. எல்லாவற்றையும் ஒரே ஜார் கோப்பாகக் கட்டும் கருவியும் ஜாவா. போனைப் போல நடிக்கும் எமுலேட்டரில் ஜாவாவிலேயே எழுதியவை இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் எந்த இயங்குதளம் என்ற கவலையே இல்லை. நடுவில் 'ப்ரீவெரிஃபை' என்று ஒரு படி வருகிறது பாருங்கள், அது மட்டும்தான் சி மொழியில் எழுதி, குறிப்பிட்ட இயங்குதளத்துக்கென்று கட்டிக் கொடுத்த புரோகிராம்.

அந்தப் படி ஏன் வந்தது என்று தெரிந்தால் பயம் போய்விடும். சாதாரணக் கணினியில் அன்றைய ஜாவா ஒரு வகுப்பை (கம்பைல் ஆன நிரல் துண்டை) ஓட்டுவதற்கு முன், அதில் தில்லுமுல்லு இல்லையா என்று வரிவரியாகத் தானே கணக்குப் போட்டுப் பார்த்தது. அதற்கு நினைவகம் வேண்டும். சிஎல்டிசி என்று போனுக்காக வகுத்த அமைப்போ, மொத்தமே 160 முதல் 512 கிலோபைட் நினைவகம் உள்ள கருவிகளை மனதில் வைத்துச் செய்தது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். கனமான கணக்கைக் கணினியிலேயே போட்டு, வகுப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு மெதட்டோடும் (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுதி) ஒரு குறிப்பை ஒட்டிவிடுவது. போன் அந்தக் குறிப்பைப் பார்த்து ஒருமுறை சரிபார்த்தால் போதும். மடுவத்தில் நிறுத்துச் சீட்டெழுதி அனுப்பினால், தொழிற்சாலையில் ஒவ்வொரு கூடையையும் கொட்டி நிறுக்கத் தேவையில்லை, அது மாதிரி. அந்தச் சீட்டை எழுதுவதுதான் ப்ரீவெரிஃபை. சீட்டு இல்லாத வகுப்பைப் போன் ஏற்காது.

இப்போது உங்கள் லெப்டொப்பில் நடந்ததைச் சொல்கிறேன், சரியா பாருங்கள். சன் வயர்லெஸ் டூல்கிட் 2.5.2 போட்டீர்கள். ப்ரீவெரிஃபை என்ற கோப்பு கண்ணெதிரே ஃபோல்டரில் இருக்கிறது. ஓட்டும் அனுமதியும் கொடுத்தாயிற்று. பெயரைத் தட்டினால் 'அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை' என்கிறது. இருக்கிற கோப்பை இல்லை என்று சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். உண்மையில் அது இல்லை என்று சொல்வது ப்ரீவெரிஃபையை அல்ல. அந்தப் புரோகிராம் 32 பிட் லினக்ஸுக்குக் கட்டியது. அதை நினைவகத்தில் ஏற்றிவிடும் 32 பிட் லோடர் உங்கள் 64 பிட் லினக்ஸில் இல்லை. இல்லாதது அந்த லோடர். லினக்ஸ் அதைத் தெளிவாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். உபுண்டு, டெபியன் வகைகளில் 32 பிட் சி நூலகத்தைச் சேர்த்தால் ப்ரீவெரிஃபை ஓடத் தொடங்கிவிடும். ஆனால் டூல்கிட்டோடு வரும் எமுலேட்டருக்கு வேறு 32 பிட் நூலகங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒன்றைப் போட்டால் அடுத்தது. அந்த வழியில் போகாதீர்கள்.

இதில் எனக்குக் கொஞ்சம் பழைய காயம் உண்டு. 2008இல் கண்டியில் வேலை பார்த்த இடத்தில் என் மேசைக்குக் கிடைத்தது ஃப்ரீபிஎஸ்டி போட்ட கணினி. அதில் ஜாவா வருவதே பெரிய காரியமாக இருந்த காலத்தை ஒட்டி நான் அங்கே சேர்ந்தேன். அதற்கு முன் ஜாவாவை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். உரிமத்தை ஒப்புக்கொண்டு சன்னின் தளத்திலிருந்து கையாலேயே இறக்க வேண்டும். கம்பைல் செய்ய ஏற்கெனவே ஒரு ஜாவா வேண்டும் என்பதால் லினக்ஸ் ஜாவாவையும் இறக்க வேண்டும். இரவு முழுக்க ஓடும், விடியற்காலையில் கரண்ட் போகும். நல்லவேளையாக ஃப்ரீபிஎஸ்டி ஃபவுண்டேஷன் 'டயாப்லோ' என்ற பெயரில் ஜாவா 1.5ஐத் தயார்நிலையில் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஜாவா கிடைத்துவிட்டது, ஆனால் ப்ரீவெரிஃபை மட்டும் லினக்ஸ் புரோகிராம். ஃப்ரீபிஎஸ்டியில் லினக்ஸ் புரோகிராம்களை ஓட்டும் ஒரு அடுக்கு உண்டு. அந்த ஒரு குட்டிப் புரோகிராமுக்காக அதை முழுதாகப் போட்டேன். வீட்டுக்குள் ஒரு எறும்பை வர வைக்கக் கூரையைப் பிரித்த கதை.

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆட்களின் நிலைமை பிறகும் பெரிதாக முன்னேறவில்லை. 2009இல் வந்த ஜாவா எம்இ எஸ்டிகே 3.0 விண்டோஸுக்கு வந்தது, மேக்குக்கும் ஒன்று வந்தது, லினக்ஸுக்கு வரவில்லை. ஹந்தான மலையின் பெயரிலேயே ஒரு லினக்ஸ் செய்து வைத்திருந்த நாட்டில் இருந்துகொண்டு நாங்கள் பழைய 2.5.2ஐயே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம்.

வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? ப்ரோகார்ட் என்ற கருவியிலிருந்து. எரிக் லஃபோர்ச்சூன் என்பவர் 2002இல் வெளியிட்டது. வேண்டாத நிரலை வெட்டிச் சுருக்குவதும் பெயர்களைக் குறுக்குவதும்தான் அதன் முதல் வேலை. பின்னாளில் ஆண்ட்ராய்டுக்காரர்கள் எல்லாம் பயன்படுத்தினார்கள். அதில் 'மைக்ரோஎடிஷன்' என்று ஒற்றைச் சொல்லில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்தால் சிஎல்டிசி கேட்கும் அந்தச் சீட்டை ப்ரோகார்ட்டே எழுதிவிடும். முழுக்க ஜாவா. ஜாவா ஓடும் இடமெல்லாம் ஓடும். ப்ரீவெரிஃபையை மறந்தே விடலாம். ஆப்பும் சுருங்கும். பழைய எஸ்40 போன்கள் சிலவற்றில் ஜார் 64 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பதால் அது சின்ன லாபம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மிட்லெட் என்ற போன் ஆப்பின் அடிப்படை வகுப்பிலிருந்து பிறந்த உங்கள் முதன்மை வகுப்பை 'கீப்' வரியில் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் ப்ரோகார்ட் அதையும் 'யாரும் கூப்பிடவில்லையே' என்று தூக்கிவிடும்.

எக்லிப்ஸின் கம்பைலரையும் தனியாக எடுத்து ஓட்டலாம், அதன் பழைய பதிப்புகளில் சிஎல்டிசி 1.1ஐயே இலக்காகக் கொடுத்தால் சீட்டோடு சேர்த்துக் கம்பைல் செய்து தரும். தெரிந்திருக்கட்டும். நான் ப்ரோகார்ட்டோடு நின்றுவிட்டேன்.

அடுத்தது ஜாவாவின் பதிப்பு. புதியது நல்லது என்று கடைசிப் பதிப்பை இறக்காதீர்கள். போனுக்கு 1.3 அளவிலான வகுப்புகள் வேண்டும். ஜாவா 8 வரைதான் கம்பைலர் அந்தப் பழைய அளவை ஒப்புக்கொள்ளும், 'இது காலாவதியானது' என்று முணுமுணுத்துக்கொண்டே செய்யும். ஜாவா 9இலிருந்து 1.6க்குக் கீழே போகாது. ஓபன்ஜேடிகே 8 லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் இன்னும் கிடைக்கிறது. அதை ஒரு ஃபோல்டரில் தனியாக விரித்து வைத்தாலே போதும். சோர்ஸ் 1.3, டார்கெட் 1.3 என்று கொடுங்கள்.

இந்த எண்ணை அசட்டை செய்தால் நடப்பதைச் சொல்கிறேன். இரண்டு சொற்றொடரைக் கூட்டல் குறியால் ஒட்டுகிறீர்கள், எல்லாரும் செய்வதுதான். டார்கெட் 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் கம்பைலர் அதற்குள்ளே சத்தமில்லாமல் ஸ்ட்ரிங்பில்டர் என்ற வகுப்பைக் கூப்பிடும். போனில் அப்படி ஒரு வகுப்பே இல்லை, ஸ்ட்ரிங்பஃபர்தான் உண்டு. நீங்கள் எழுதாத ஒரு பெயரைச் சொல்லி ஆப் விழும். இதே மாதிரி, கம்பைல் செய்யும்போது பூட்கிளாஸ்பாத் என்ற இடத்தில் போனின் ஏபிஐ ஜார்களை (ஆப் கூப்பிடக்கூடிய வகுப்புகளின் தொகுப்பு: சிஎல்டிசி 1.1, அதன்மேல் திரை, சேமிப்பு எல்லாம் தரும் மிட்பி 2.0) கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கம்பைலர் கணினியின் ஜாவாவையே பார்த்துக் கம்பைல் செய்யும். ஸ்ட்ரிங்கில் 'ஸ்ப்ளிட்' என்று எழுதினாலும் சரி என்று விட்டுவிடும். போனில் அது கிடையாது. இந்த ஏபிஐ ஜார்கள் டூல்கிட்டின் லிப் ஃபோல்டரில் இருக்கின்றன. டூல்கிட் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்க்க மைக்ரோஎமுலேட்டரோ ஃப்ரீஜே2எம்இயோ போதும், இரண்டும் ஜாவாவில் எழுதியவை. ஆனால் இரண்டும் உங்கள் கணினியின் ஜாவாமேல் ஏறி உட்கார்ந்து ஓடுகின்றன என்பதை மறக்கக் கூடாது. சீட்டில்லாத வகுப்பையும் ஓட்டும், ஸ்ட்ரிங்பில்டரையும் ஓட்டும். எமுலேட்டரில் ஓடியதை வைத்து 'முடிந்தது' என்று சொல்ல முடியாது. திரை சரியாக வருகிறதா என்று பார்க்க மட்டும் அதை நம்புங்கள். மற்றதெல்லாம் அம்மாவின் போனில்தான் தெரியும். நெட்பீன்ஸ் மாதிரிப் பெரிய மென்பொருளெல்லாம் 2 ஜிபி ரேமுக்கு வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், கம்பைல், ப்ரோகார்ட், ஜார் மூன்றையும் வரிசையாக ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

இனி தமிழ். இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்கப் போகிறீர்கள். இந்தப் போன்களில் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. 'கொழுந்து' என்று யூனிகோடில் கொடுத்தால் ஏழு பெட்டி வரும், எண்ணிப் பாருங்கள்: க, ொ, ழ, ு, ந, ், த, ு, இல்லை எட்டு. எழுத்துரு இருக்கும் சில போன்களிலும் ொ தனியாகப் பின்னால் நிற்கும்.

முறையாகச் செய்வதென்றால், எழுத்துகளைப் படமாக வரைந்து நாமே அடுக்க வேண்டும். 247 படம் வேண்டும் என்று மலைக்காதீர்கள். உயிரும் ஆய்தமும் 13. பதினெட்டு மெய்களுக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவம், ஆக 108. ா, ெ, ே, ை நான்கும் தனித் துண்டு. ஔகாரத்தின் பின்துண்டுக்கு ள-வே போதும். மொத்தம் 125. கிரந்தம் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம். யூனிகோடில் கெ என்பது முதலில் க, பிறகு ெ. திரையில் வரையும்போது அதைத் திருப்ப வேண்டும். கொ வந்தால் ெ, க, ா என்று மூன்று துண்டாக வரைய வேண்டும்.

ஆனால் உங்கள் ஆப்புக்கு இதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். அதில் வரும் சொற்களை எழுதிப் பாருங்கள்: காலை, பகல், அந்தி, நிறை, கழிவு, மொத்தம், சரி, அழி. இருபது தேறுமா? சொல்லையே படமாக்குங்கள். லினக்ஸில் கிம்ப் தமிழை ஒழுங்காகவே காட்டும். 18 பிக்சல் உயரத்தில் எல்லாச் சொற்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே பிஎன்ஜியில் வைத்து, வேண்டிய துண்டை மட்டும் 'டிரா ரீஜன்' கொண்டு வரையுங்கள். இருபது தனிப் படம் வைத்தால் ஒவ்வொன்றின் தலைப்பகுதியும் சேர்ந்து ஜார் வீங்கும். ஃபார்ம் போன்ற தயார்த் திரைகளில் பட்டன் பெயருக்குப் படம் வைக்க முடியாது என்பதால் முழுத்திரைக் கேன்வாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இடது வலது மென்பட்டன்களின் எண் கம்பனிக்குக் கம்பனி மாறும் (நோக்கியாவில் -6, -7). அம்மா எண்களைத்தானே அழுத்தப் போகிறார், 'சரி'க்கு நட்சத்திரமும் 'அழி'க்கு கட்டக் குறியும் வையுங்கள். அவை இரண்டும் எல்லாப் போனிலும் ஒன்றே.

கிலோவைத் தசமத்தில் வைக்காதீர்கள். சிஎல்டிசி 1.0இல் தசம எண்ணே கிடையாது, 1.1இல் இருந்தாலும் வேண்டாம். 18.5 கிலோவை 18500 கிராமாக முழு எண்ணில் வையுங்கள். நோம் (ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய அளவு) 18 கிலோ என்றால் 17.9க்கும் 18க்கும் நடுவில்தான் அரைப்பேரா முழுப்பேரா, அதாவது அரை நாள் சம்பளமா முழு நாள் சம்பளமா என்ற சண்டையே. அந்த இடத்தில் தசமம் சறுக்கக் கூடாது. தண்ணீருக்கு, கூடைக்கு என்று கழிப்பதைத் தனி எண்ணாகவே வையுங்கள், நிறையிலிருந்து கழித்துச் சேமிக்காதீர்கள். சம்பளச் சீட்டோடு ஒப்பிடும்போது அம்மாவுக்கு இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

சேமிக்க ரெக்கார்ட் ஸ்டோர் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை, மாதம் 25 நாள் என்றாலும் 75 பதிவுகள். ஒன்றுக்கு 13 பைட் போட்டால் ஒரு கிலோபைட்கூட வராது. மிட்பி விதிப்படி எந்தப் போனும் ஆப்புகள் சேமிப்பதற்கு 8 கிலோபைட்டாவது வைத்திருக்க வேண்டும்.

இதிலும் நான் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். பக்கத்து லயத்து அக்கா ஒருவருக்கு இதே மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் நன்றாகக் குறித்து வந்தார். ஒரு பிழையைத் திருத்தி இரண்டாம் பதிப்பைப் போட்டேன். போகிற போக்கில் ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் வெண்டர் (ஆப்பைத் தருபவர்) என்ற இடத்தில் என் பெயரின் எழுத்துக்கூட்டையும் 'அழகாக' மாற்றிவிட்டேன். மிட்பி ஒரு ஆப்பை அடையாளம் காண்பது பெயரையும் வெண்டரையும் சேர்த்து வைத்து. போன் இதைப் புது ஆப் என்று எடுத்துக்கொண்டது. பழையது ஏன் இன்னும் கிடக்கிறது என்று நானே அதை அழித்தேன். அழித்தால் அதன் ரெக்கார்ட் ஸ்டோரும் சேர்ந்தே போகும். மூன்று வாரக் கணக்கு. அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து கலண்டரிலும் எழுதத் தொடங்கினார். பெயரையும் வெண்டரையும் முதல் நாளே முடிவு செய்து அதோடு விடுங்கள். பதிப்பு எண்ணை மட்டும் ஏற்றுங்கள்.

மேனிஃபெஸ்ட்டில் இன்னொன்று: கடைசி வரிக்குப் பிறகு ஒரு என்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜார் கருவி அந்த வரியை விழுங்கிவிடும். ஜாரை விவரிக்கும் ஜேட் என்ற தனிக் கோப்பும் வைப்பதென்றால் அதில் எழுதும் ஜார் அளவு ஒரு பைட்கூட மாறக் கூடாது. புளூடூத்தில் ஜாரை மட்டும் அனுப்பித் திறந்தாலே பெரும்பாலான எஸ்40 போன்கள் இன்ஸ்டோல் செய்துவிடும், ஜேடே தேவையில்லை.

போன் தொலைந்தால் கணக்கும் போய்விடுமே என்று பயந்தால், வாரக் கணக்கை உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக அனுப்பச் செய்யலாம். எண்ணாக மட்டும் அனுப்புங்கள். 100 கிராம் அலகில் நிறைக்கு மூன்று இலக்கம், கழிவுக்கு இரண்டு. மூன்று நிறுவைக்கு 15, தேதிக்கு 2, நாளுக்கு 17 எழுத்து. ஆறு நாள் 102, ஒரு எஸ்எம்எஸ்ஸின் 160க்குள் அடங்கும். ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் எல்லை 70க்கு இறங்கி, இரண்டு எஸ்எம்எஸ் காசு போகும். சான்றிதழ் இல்லாத ஆப் என்பதால் ஒவ்வொரு முறையும் அனுப்பலாமா என்று போன் கேட்கும், அதுவும் ஆங்கிலத்தில். அதை நிரலால் நிறுத்த முடியாது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அம்மாவுக்கு ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.